40 மூட்டையும் 16 டன்னும்

நீலகிரி மலையில் எங்கள் கேத்தி பாலாடாவில் யாராவது புது பிக்கப் எடுத்து வந்து நிறுத்தினால், சுற்றி நிற்பவர்கள் முதலில் கேட்பது விலையோ மைலேஜோ இல்லை. "எத்தனை மூட்டை ஏறும்?" அவ்வளவுதான் கேள்வி. கம்பெனி 1,700 கிலோ என்று அச்சடித்திருக்கும். நம் ஆள் அதை மனசுக்குள் மூட்டையாக வகுப்பார். அப்புறம் தைரியத்துக்குத் தக்கபடி பத்துப் பன்னிரண்டு மூட்டையைக் கூட்டிக்கொள்வார். வண்டியின் திறமை பற்றிய பேச்சு அதோடு முடிந்துவிடும்.

எனக்கு வண்டி ஓட்டுவது தொழில் இல்லை. கேரட் தோட்டத்துக் கணக்கும் மண்டிக் கணக்கும் பார்ப்பவன். லோடு போகும்போது கேபினில் இடது ஓரமாக உட்கார்ந்து மேட்டுப்பாளையம் வரை இறங்குவேன். காலி வண்டியிலோ உர மூட்டையோடோ திரும்பி ஏறுவேன். ஓட்டுபவருக்குப் பாதையைப் பார்க்கவே நேரம் சரியாக இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்தவனுக்குத்தான் வண்டியைக் கவனிக்க நேரம் கிடைக்கும். அப்படிக் கவனித்ததில் எனக்கு ஒரு எண்ணம் உறுதியாகிவிட்டது. மலையில் ஒரு வண்டி எவ்வளவு சுமக்கும் என்பதைத் தீர்மானிப்பது பிரேக். இன்ஜினுக்கு அதில் இரண்டாவது இடம்தான். எல்லோரும் ஏற்றத்தை வைத்து வண்டியை எடைபோடுகிறோம். எங்கள் சரக்கோ இறக்கத்தில் போகிறது.

யோசித்துப் பாருங்கள். நீலகிரியில் விளைகிற கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, பூண்டு, தேயிலைத் தூள் எல்லாமே கீழே போக வேண்டியவை. நடுநிசி தாண்டியதும் நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு ஆட்கள் கேரட் தோட்டத்தில் இறங்குவார்கள். பிடுங்கியது மெஷினுக்குப் போய், கழுவி, மூட்டையாகி, மண்டியில் ஏலம் தொடங்குவதற்குள் போய்ச் சேர வேண்டும். கழுவிய கேரட் மூட்டை ஈரத்தோடு ஏறுகிறது. குன்னூர் தாண்டும் வரை பலகை இடுக்கில் தண்ணீர் சொட்டிக்கொண்டே வரும். அந்தத் தண்ணீரின் எடையும் லோடுதான், யாரும் கணக்கில் வைப்பதில்லை.

போன வருஷம் டெக்சாஸில் வேலை பார்க்கும் அண்ணன் மகன் போனில் ஒரு வண்டியைக் காட்டினான். ராம் 3500. பின்பக்கம் பக்கத்துக்கு இரண்டாக நான்கு டயர், முன்னால் ஒரு சுவர் மாதிரி கிரில். "சித்தப்பா, இது 16 டன் இழுக்கும். உங்க ஊர் கேரட் மொத்தத்தையும் ஒரே நடையில் கொண்டுபோயிடலாம்" என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை. 2021-இல் அந்த வண்டிக்குக் கம்பெனி சொன்ன அதிகபட்ச இழுவை 37,100 பவுண்டு, அதாவது 16,800 கிலோவுக்கு மேல். இன்ஜின் 6.7 லிட்டர், ஆறு சிலிண்டர் கம்மின்ஸ் டீசல். டார்க், அதாவது இன்ஜினின் சுழற்றும் விசை, 1,458 நியூட்டன் மீட்டர். ஃபோர்டு எஃப்-450 இன்னும் ஒரு படி மேலே போய் 40,000 பவுண்டு, 18 டன்னுக்கு மேல் என்கிறது. எங்கள் ஊரில் ஓடுகிற பொலேரோ பிக்கப்பின் 2.5 லிட்டர் டீசலுக்கு டார்க் 200 நியூட்டன் மீட்டர், சுமார் 75 ஹெச்.பி. அதில் ஏழு மடங்கு டார்க் அங்கே. பையன் வாயைப் பிளந்ததில் தப்பில்லை.

ஆனால் இழுப்பது வேறு, சுமப்பது வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் படம் தலைகீழாக மாறும்.

அமெரிக்கக்காரர்கள் ஹெவி டியூட்டி பிக்கப்களை முக்கால் டன், ஒரு டன் என்று பழைய கணக்கில் அழைக்கிறார்கள். 2500 என்றால் முக்கால் டன், 3500 என்றால் ஒரு டன். அந்தப் பெயருக்கும் இன்றைய நிஜத் திறனுக்கும் சம்பந்தம் கிடையாது. உண்மைக் கணக்கு வண்டியின் கதவு இடுக்கில் ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கரில் இருக்கிறது: ஆட்களும் சரக்கும் சேர்த்து இவ்வளவுக்கு மேல் கூடாது என்று. வண்டி சரக்கோடு மொத்தம் எவ்வளவு எடை வரலாம் என்று ஒரு வரம்பு. அதில் வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் மிச்சம்தான் சுமை. 2500 வகையில் மொத்த எடை வரம்பு பெரும்பாலும் 10,000 பவுண்டு, 4,536 கிலோ. நான்கு கதவு, நான்கு சக்கர ஓட்டம், கனமான டீசல் இன்ஜின், தோல் சீட்டு என்று எல்லாம் சேர்த்தால் வண்டியே மூன்றரை டன் வந்துவிடுகிறது. மிச்சம் இருப்பது சுமார் ஒரு டன். அதாவது அந்த மலை போன்ற வண்டியின் முதுகில் சட்டப்படி ஏற்றக்கூடியது, பாலாடாவில் நிற்கும் 1.7 டன் பொலேரோ பிக்கப்பில் ஏற்றக்கூடியதைவிடக் குறைவு!

அண்ணன் மகன் நம்பவில்லை. ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அவன் காட்டிய வண்டி 3500 என்பதால் அதன் கணக்கு இன்னும் தாராளம்தான். ஆனால் அலுவலக நண்பனின் 2500 டீசலில் ஸ்டிக்கர் காட்டிய எண் ஒரு டன்னைத் தொடவில்லை. "ஆமா சித்தப்பா" என்று ஒரு வரி மட்டும் வந்தது.

இதில் அமெரிக்கக்காரர்களை மட்டம் தட்ட ஒன்றும் இல்லை. அவர்கள் அந்த வண்டியைக் கட்டியது சுமப்பதற்கு என்பதைவிட இழுப்பதற்கு. குதிரை வண்டி, படகு, வைக்கோல் கட்டு, வீடு மாதிரி ஒரு டிரெய்லர் எதையாவது பின்னால் மாட்டிக்கொண்டு நேர் ரோட்டில் ஆயிரம் கிலோமீட்டர் போகிற தேசம் அது. அங்கேயும் கணக்கு சும்மா விடாது. சாதாரணக் கொக்கியில் மாட்டும் டிரெய்லர் தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தை வண்டியின் பின்பக்கத்தில் அழுத்தும். பாடிக்கு நடுவில், பின் ஆக்ஸிலுக்கு, அதாவது பின் சக்கர அச்சுக்கு, நேர் மேலே மாட்டுகிற வகையில் 15 முதல் 25 சதவீதம் வரை. அந்த அழுத்தம் சுமைக் கணக்கில் சேரும். 16 டன் இழுக்க வேண்டுமானால் பின் ஆக்ஸில்மேல் மூன்று டன் உட்காரும். அதனால்தான் பின்னால் நான்கு டயர், அதனால்தான் தடிமனான பட்டை ஸ்பிரிங், அதனால்தான் முழு மிதவை ஆக்ஸில். முழு மிதவை என்றால், சக்கரத்தைச் சுழற்றும் கம்பி சுழற்றுவதை மட்டும் செய்யும். எடையைச் சுமப்பது வெளியே இருக்கும் ஹவுசிங் என்ற உறை. கம்பி உடைந்தாலும் சக்கரம் கழன்று ஓடாது. நம்மூர் லாரிகளில் பல காலமாக இருக்கிற ஏற்பாடுதான்.

இன்னொன்று. அந்த 16 டன் டிரெய்லருக்குத் தனி பிரேக் உண்டு. பல மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குச் சொந்த பிரேக் இல்லாமல் ரோட்டில் ஏறவே முடியாது. வண்டிக்குள் டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில் அதற்கு ஒரு கட்டுப்பாடு இருக்கும். ஆக இழுக்கும் எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், நிறுத்தும் வேலையை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். நம் பிக்கப்பில் எல்லாப் பாரமும் அதே நான்கு சக்கரத்தின் தலையில்.

டிரெய்லரை எங்கள் ஊருக்குக் கொண்டு வரலாமா என்ற யோசனையே வேண்டாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 14 கொண்டை ஊசி வளைவு. நீளமான அரசு பஸ் ஒரு வளைவில் திரும்பும்போது எதிர் வண்டி பத்தடி தள்ளி நின்று வழிவிடுகிறது. டிரெய்லரின் பின் சக்கரம் முன் வண்டி போன தடத்தில் போகாது, வளைவின் உள்பக்கத்தை அறுத்துக்கொண்டு போகும். உள்பக்கம் பாறை அல்லது சாக்கடை. இங்கே இழுப்பது என்றால் சேற்றில் மாட்டிய வண்டியைக் கயிறு கட்டி இழுப்பது மட்டும்தான். அதையும் டிராக்டர்தான் ஒழுங்காகச் செய்யும்.

அமெரிக்காவில் இழுவைத் திறனை அளக்க எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே2807 என்று ஒரு பொது விதிமுறை இருக்கிறது. முன்பெல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தோன்றிய எண்ணைப் போட்டுக்கொண்டிருந்தது. அதை ஒழுங்குபடுத்தத்தான் இது வந்தது. அதில் பேர் வாங்கிய சோதனை அரிசோனாவில் டேவிஸ் அணைக்குப் பக்கத்தில் உள்ள ஏற்றம். 18 கிலோமீட்டர் தூரம், சராசரிச் சரிவு 5 சதவீதத்தை ஒட்டி. வெயில் குறைந்தது 100 டிகிரி ஃபாரன்ஹீட், ஏ.சி. முழுசாக ஓடவேண்டும், முழு டிரெய்லரோடு மணிக்கு 40 மைலுக்குக் கீழே வேகம் இறங்கக்கூடாது. பின்னால் நான்கு டயர் என்றால் 35 மைல். இதைப் படித்தபோது எனக்கு ஒரு சந்தோஷம். மலையடிவாரத்துக் கல்லாரிலிருந்து குன்னூர் ஏறுகிற ரோடும் சராசரிச் சரிவில் ஏறத்தாழ அந்தக் கணக்குதான். அவர்கள் சோதனைக்கென்று தேடிப் போகிற சரிவில் எங்கள் ஊர் பால் வண்டி தினமும் போகிறது.

வித்தியாசம் என்னவென்றால், அந்தச் சோதனையின் பெயரைச் சொன்னதும் எல்லோரும் பேசுவது ஏறுவதைப் பற்றி. கம்பெனி விளம்பரமும் அதைத்தான் பேசும். இறங்குவதைப் பேசுகிறவர்களும் அங்கே இல்லாமல் இல்லை. கொலராடோவில் ஐசனோவர் சுரங்கப்பாதைக்குப் போகும் 7 சதவீதச் சரிவில் முழு டிரெய்லரோடு வண்டியை இறக்கி, எத்தனை தடவை பிரேக் மிதிக்க வேண்டியிருந்தது என்று எண்ணுகிற விமர்சகர்கள் இருக்கிறார்கள். ஏறும்போது எடுத்த நிமிஷத்தைவிட அந்த எண்ணிக்கை எனக்குப் பெரிசாகப்படுகிறது.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். குன்னூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர். மேட்டுப்பாளையம் 325 மீட்டருக்குப் பக்கம். வித்தியாசம் ஏறக்குறைய 1,500 மீட்டர். முழு லோடோடு மூன்றரை டன் வரும் ஒரு பிக்கப் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளியே விட்டாக வேண்டிய சக்தி, மின்சாரக் கணக்கில் 14 யூனிட். வீட்டில் குளிக்கத் தண்ணீர் சுடவைக்கிற ஒரு கிலோவாட் ஹீட்டர் 14-ஐ ஒரே நேரத்தில் ஒரு மணி நேரம் ஓட்டினால் எவ்வளவு சூடு வருமோ அவ்வளவு. இறங்க ஆகும் நேரமும் ஏறக்குறைய ஒரு மணிதான். இன்னொரு விதமாகச் சொன்னால், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் அதே வண்டியை 200 தடவைக்கு மேல் பிரேக் போட்டு முழுசாக நிறுத்துவதற்குச் சமம். இதில் ஒரு பங்கை டயர் உராய்வும் காற்றும் எடுத்துக்கொள்ளும், இன்னொரு பங்கை இன்ஜின் எடுத்துக்கொள்ளும். மீதி முழுக்க நான்கு சக்கரத்துக்குள் இருக்கும் இரும்பிலும் அதில் உரசிப் பிடிக்கும் லைனிங்கிலும் சூடாகிறது.

இப்போது மூட்டைக்கு வருவோம். மூட்டை 60 கிலோ என்று வைத்துக்கொண்டால் 1,700 கிலோவுக்கு 28 மூட்டை. கேபினில் டிரைவர், கிளீனர், நான் என மூன்று பேர்: மூன்று மூட்டை போயிற்று. வண்டி வாங்கியதும் பட்டறையில் பலகையை உயர்த்தி, இரும்புச் சட்டம் அடித்து, தார்ப்பாய்க்கு வளைவு வைத்திருப்போம். அதில் இன்னும் இரண்டு. நியாயமாக ஏற்ற வேண்டியது 23. சீசன் நேரத்தில் 40 ஏறுகிறது. 40 மூட்டை என்றால் 2,400 கிலோ. ஆட்களையும் இரும்பையும் விட்டுவிட்டால்கூட 700 கிலோ அதிகம், இறக்கத்தில் கூடுதலாக மூன்று யூனிட் சூடு. சக்கரத்தோடு சுழலும் அந்த இரும்புக் கிண்ணம், பிரேக் டிரம், அதே டிரம்தான்.

40 மூட்டையோடு ஏற முடியுமா என்றால் முடியும். டர்போ இன்ஜின்கள் வந்த பிறகு மலை ஏறுவது பெரிய காரியமாக இல்லை. ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். டர்போ இல்லாத பழைய வண்டிகள் அந்த மெல்லிய காற்றில் மூச்சு வாங்கிக் கரும்புகை கக்கும். இன்றைய டர்போ குறைகிற காற்றை அழுத்தி உள்ளே தள்ளிவிடுகிறது. ஏற்றத்தில் சக்தி போதாவிட்டாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. வண்டி நிற்கும், கிளீனர் குதித்து இறங்கிக் கட்டை போடுவார், நாலு மூட்டையை இறக்கிவிட்டுப் போகலாம். இறக்கத்தில் போதாமல் போனால் அந்த வசதி கிடையாது.

எங்கள் டிரைவர் அண்ணன் அறுபதை நெருங்குகிறவர், டாடா 407 காலத்திலிருந்து இந்தப் பாதையில் ஓட்டுகிறார். பேச்சு குறைவு. குன்னூருக்குக் கீழே வரும் மரப்பாலத்துக்கு மேலேயே இரண்டாவது கியருக்கு வந்துவிடுவார். "எந்த கியர்ல ஏறுமோ அந்த கியர்லதான் இறங்கணும் தம்பி" என்பது மலை டிரைவர்கள் எல்லோரும் சொல்வதுதான், அவரும் சொல்வார். ஆனால் அதோடு ஒன்று சேர்த்துச் சொல்வார்: காலி வண்டி ஏறின கியரில் லோடு வண்டியை இறக்கப் பார்க்காதே. இந்தப் பின்குறிப்பு இல்லாமல் அந்தப் பழமொழி அரைகுறை.

டீசல் இன்ஜினுக்கு இதில் ஒரு பலவீனம் உண்டு. பெட்ரோல் இன்ஜினில் ஆக்ஸிலேட்டரை விட்டதும் காற்று போகிற வழி அடைபடும். பிஸ்டன் வெற்றிடத்தை எதிர்த்து இழுக்க வேண்டியிருப்பதால் வண்டி தானாக இழுபடும். டீசலில் அப்படி அடைப்பு வைத்த வழக்கம் இல்லை. அழுத்திய காற்று திரும்ப விரிந்து பிஸ்டனைத் தள்ளிவிடுவதால், பிடித்து வைக்கும் வலு குறைவு. லாரிகளில் இதற்காகத்தான் எக்ஸாஸ்ட் பிரேக் இருக்கிறது. புகை போகிற குழாயை ஒரு தகடு மூடி, இன்ஜினைத் திணறவைக்கும். அந்த அமெரிக்க ஹெவி டியூட்டி பிக்கப்களில் டர்போவின் இதழ்களையே மூடி அதே வேலையை வாங்குகிறார்கள். ராமில் எனக்குப் பொறாமை வரவழைத்த ஒரே உறுப்பு அதுதான். 1,458 நியூட்டன் மீட்டரை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். எங்கள் ஊர் பிக்கப்புக்கு அந்தத் தகடு ஒன்று கொடுத்தால் போதும்.

இருக்கிற கொஞ்ச இன்ஜின் பிடிப்பையும் வேண்டாம் என்று சொல்பவர்கள் உண்டு. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது, அதற்கும் ஒரு படி மேலே போய் இன்ஜினையே அணைத்து உருட்டுவது. டீசல் வண்டியில், காலின் அழுத்தத்தைப் பெருக்கித் தரும் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடத்தை உண்டாக்குவது இன்ஜினோடு சுழலும் ஒரு பம்ப். இன்ஜின் நின்றால் இரண்டு மூன்று மிதிக்கு மேல் பூஸ்டர் உதவாது, பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டீயரிங்கும் கூடவே போகும். மிச்சமாகும் டீசலுக்கு மேட்டுப்பாளையத்தில் ஒரு டீ குடிக்கலாம். இதை எத்தனை பேரிடம் சொல்லியும் பயனில்லை.

பிரேக் பிடிக்காமல் போவதில் மர்மம் ஒன்றும் இல்லை. டிரம் சூடானால் விரியும். உள்ளிருந்து லைனிங்கை அழுத்தும் ஷூ அதை எட்டிப் பிடிக்க அதிக தூரம் போக வேண்டும், பெடல் கீழே இறங்கும். லைனிங்கில் உள்ள பிசின் காந்தி வாயுவாகி வழுக்கும். அந்தக் காந்தல் வாசனைதான் சீசனில் பர்லியார் முழுக்க அடிப்பது. மூன்றாவது, பிரேக் ஆயில். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்குகிறது. டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. ஆறு மாதம் மூடுபனியிலும் மழையிலும் ஊறுகிற எங்கள் ஊரில், நாலைந்து வருஷமாக மாற்றாத ஆயிலோடு வண்டிகள் ஓடுகின்றன. கொதித்த ஆயிலில் குமிழி உண்டாகும்; குமிழியை அழுத்தினால் அமுங்கும், பிரேக்குக்குப் போகாது. இன்ஜின் ஆயிலைக் கிலோமீட்டர் எண்ணி மாற்றுகிறவர்கள் இந்த ஆயிலைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அப்புறம், புகைகிற டிரம்மில் பாட்டில் தண்ணீரை ஊற்றுவது. வார்ப்பிரும்பு அந்த அதிர்ச்சியில் விரிசல் விடும். வண்டியை ஓரம் கட்டி அரைமணி சும்மா நிற்க வேண்டும். மண்டிக்கு நேரமாகிறதே என்று யாருக்கும் மனசு வராது.

இறக்கம்தான் விஷயம் என்பதை ரயில்காரர்கள் நூற்றிருபது வருஷத்துக்கு முன்பே புரிந்துவைத்திருந்தார்கள். 1899-இல் குன்னூர் வரை வந்த மலை ரயிலில், கல்லாருக்கும் குன்னூருக்கும் இடையே 12 அடிக்கு ஒரு அடி ஏற்றம், தண்டவாளத்துக்கு நடுவில் இன்ஜினின் பல்சக்கரம் கவ்விப் போகும் பற்சட்டம். அதில் இன்ஜின் பெட்டிகளை இழுப்பதில்லை. பள்ளத்துப் பக்கம் நின்று தள்ளிக்கொண்டு ஏறும், இறங்கும்போது முட்டுக்கொடுத்துக்கொண்டு இறங்கும். ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் பிடிக்கத் தனி ஆள் நிற்பார். இவ்வளவு ஏற்பாடும் கீழே உருளாமல் இருக்கத்தான். போலீஸ்காரர்களுக்கும் இது தெரியும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்குப் போகும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு. அங்கே வெளியூர் வண்டி இறங்குவதற்குத்தான் தடை. கீழிருந்து மேலே ஏற விடுகிறார்கள்.

சரி, ஸ்பிரிங் பட்டை விஷயத்துக்கு வருகிறேன், இதைச் சொல்லத்தான் ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். லோடு அதிகமானால் பின்பக்கம் தாழும். உடனே பட்டறைக்குப் போய் எக்ஸ்ட்ரா பட்டை போடுவது இங்கே சர்வ சாதாரணம். ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூடினால் வண்டி நிமிர்ந்து நிற்கும், "இப்ப எவ்வளவு வேணாலும் தாங்கும்" என்று ஒரு நம்பிக்கை பிறக்கும். தாங்குவது ஸ்பிரிங் மட்டும். ஆக்ஸில், ஹப் பேரிங், டயர், சேஸ் என்ற அடிச்சட்டம், பிரேக் எல்லாம் பழையபடியே இருக்கின்றன.

அதைவிட மோசமான ஒன்று கண்ணில் படாமல் நடக்கிறது. பல பிக்கப்களில் பின் ஆக்ஸிலுக்கும் சேஸுக்கும் நடுவே ஒரு சின்னக் கம்பி இருக்கும். அது லோடு சென்சிங் வால்வின் கை. பாரம் ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தால் கம்பி நகர்ந்து, பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடச் சொல்லும். காலி வண்டியில் பின்பக்கம் உயர்ந்திருப்பதால் அழுத்தத்தைக் குறைத்து, பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் பார்த்துக்கொள்ளும். அந்த வால்வுக்கு எடை தெரியாது, உயரம்தான் தெரியும். எக்ஸ்ட்ரா பட்டை போட்டதும் 40 மூட்டையோடும் வண்டி நிமிர்ந்தே நிற்கிறது. வால்வு அதைக் காலி வண்டி என்று நினைத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைக்கிறது. பாரம் அதிகம் இருக்கும்போது பிரேக் குறைவு. முன் பிரேக் தனியாக மாய்கிறது. பட்டை மாற்றினால் அந்த வால்வையும் திருத்தி வைக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் அதைச் செய்து நான் பார்த்தது அபூர்வம்.

தேயிலை ஏற்றுகிறவர்களின் தலைவலி வேறு வகை. பச்சைத் தேயிலை எடை குறைவு, இடம் அதிகம். பலகையை ஆள் உயரத்துக்கு ஏற்றி அடுக்குவார்கள். கிலோ வரம்பைத் தாண்டாமலே வண்டி தலைக்கனத்தோடு வளைவில் சாயும். கேரட் அப்படியில்லை, தாழ்வாக அடங்கி உட்காரும்; வளைவில் சாயாது, இறக்கத்தில் தள்ளும்.

ஓவர்லோடுக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. 40 மூட்டை ஏற்றுகிறவருக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் வாடகை மூட்டைக்கு இவ்வளவு என்றுதான் பேசப்படுகிறது. 23 மூட்டையோடு போனால் டீசலும் டிரைவர் பேட்டாவும் போகக் கையில் ஒன்றும் நிற்காது. விலை இறங்கிய மாதத்தில் மூட்டை வாடகையை உயர்த்தித் தரத் தோட்டக்காரராலும் முடியாது; இதைக் கணக்கு எழுதுகிறவனாகவே சொல்கிறேன். ஒரே வழியாக எனக்குத் தெரிவது நடைக்கு இவ்வளவு என்று வாடகை பேசி, இரண்டு மூன்று தோட்டம் சேர்ந்து வண்டி பிடிப்பது. எங்கள் பக்கம் சிலர் செய்கிறோம். மூட்டைக்குக் கொஞ்சம் கூடத்தான் விழுகிறது. டிரைவர் அண்ணனுக்கு அந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது, லைனிங் மாற்றும் செலவு பாதியாகிவிட்டதாம்.

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், கார் ஓட்டும் லைசென்ஸ் வைத்திருப்பவரே 7,500 கிலோவுக்குக் கீழ்ப்பட்ட சரக்கு வண்டியையும் ஓட்டலாம், தனி அனுமதி வேண்டாம் என்று உறுதிசெய்தது. சட்டத்தில் அது சரியாக இருக்கலாம். ஆனால் இனி பிக்கப் வாங்கி ஓட்டலாம் என்று கிளம்புகிற இளவட்டங்கள் அதிகம். பழைய வண்டி பார்க்க என்னையும் கூட்டிப்போகிறார்கள். அவர்கள் பானெட்டைத் திறந்து இன்ஜின் சத்தம் கேட்பார்கள், ஆக்ஸிலேட்டரை மிதித்துப் புகை பார்ப்பார்கள். நான் பின்னால் போய்க் குனிவேன். டிரம்மின் விளிம்பில் சூட்டால் நீலம் பாரித்திருக்கிறதா, கேபினுக்குப் பின்னால் சேஸில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா, ஸ்பிரிங்கில் எத்தனை பட்டை, அதில் எத்தனை வேற்று நிறம். கடைசியாக அந்த வால்வுக் கம்பி. அதைக் கழற்றி ஓரமாகக் கட்டுக்கம்பியால் கட்டி வைத்திருந்தால் விலையே பேச வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். கிளம்பும்போது விற்கிறவர் வழக்கம்போல் கூப்பிட்டுச் சொல்வார்: "ஏன் சார், 40 மூட்டை அசால்டா ஏறுமே."